மாளிகையின் விலை

வீடு விற்பவர் மனையின் அளவைச் சொல்வார்; அறைகளை எண்ணிக் காட்டுவார்; கடைத்தெருவின் அண்மையைப் பெருமையாகக் கூறுவார். வாங்குபவர் கூரையின் ஒழுக்கையும் சுவரின் விரிசலையும் சுட்டி விலையைக் குறைப்பார். உலகெங்கும் உள்ள வழக்கம் இது. இந்த வழக்கத்துக்குள் அடங்காத ஒரு வீடு உரோமாபுரியில் விற்பனைக்கு வந்தது. அதைப் பற்றி இன்று உங்களோடு சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நகரின் நடுவே, வீயா வெனெத்தோ என்னும் புகழ்பெற்ற வீதிக்கு அருகில், வில்லா அவுரோரா என்ற மாளிகை நிற்கிறது. ஏறத்தாழ 2,800 சதுர மீட்டர் பரப்புள்ளது. 1596ஆம் ஆண்டில் இதை வாங்கிய கர்தினால் தெல் மொந்தே, கலைஞர்களையும் அறிவியலாரையும் ஆதரித்த வள்ளல். கலிலியோவும் அவருடைய ஆதரவைப் பெற்றவரே. இரசவாதத்திலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. அந்த ஆய்வுக்கென ஒதுக்கிய சிற்றறையின் விதானத்தில் ஓவியம் தீட்டுமாறு ஓர் இளைஞரைப் பணித்தார். அவர்தாம் கரவாஜியோ.

ஏறக்குறைய 1597இல் உருவான அந்த ஓவியத்தில் ஜூப்பிட்டர், நெப்டியூன், புளூட்டோ ஆகிய மூன்று தெய்வங்கள் நம் தலைக்கு மேலே நிற்பதுபோல் தோன்றுகின்றனர். இடையே ஒளி ஊடுருவும் வான்கோளம் ஒன்று சுழல்கிறது. ஈரச் சுண்ணத்தின்மேல் வரைவதே அக்கால விதான ஓவிய மரபு. கரவாஜியோவோ உலர்ந்த சாந்தின்மேல் எண்ணெய் வண்ணத்தைத் தீட்டினார். அவர் தீட்டிய விதான ஓவியம் என நாம் அறிந்தது இது ஒன்றே. 1621இல் மாளிகை லுதோவீசி குடும்பத்தின் கைக்கு மாறியபோது, குவெர்ச்சீனோ என்னும் ஓவியர் பெருங்கூடத்தின் விதானத்தில் விடியற்காலத் தேவியாகிய அவுரோராவைத் தேரேற்றி வரைந்தார். மாளிகையின் பெயரும் அதனால் வந்ததே.

மாளிகைக்கு உரியவரான இளவரசர் 2018இல் மறைந்தார். வாரிசுகளுக்குள் வழக்கு மூண்டது. நீதிமன்றம் ஏலத்துக்கு ஆணையிட்டது. மதிப்பீடு 47.1 கோடி யூரோ. அதில் கரவாஜியோவின் விதானத்துக்கு மட்டும் 31 கோடி! 2022 சனவரி 18ஆம் நாள், 35.3 கோடி யூரோவை அடிப்படையாக வைத்து ஏலம் கூறினர். ஒருவரும் கேட்கவில்லை. அவ்வாண்டிலேயே விலையைக் குறைத்துக் குறைத்து மீண்டும் ஏலம் கூறினர், அப்போதும் கேட்பாரில்லை. அரசே வாங்க வேண்டும் என்று 30,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பத்தில் ஒப்பமிட்டிருந்தனர்.

இத்தாலியச் சட்டம் இத்தகைய சொத்துகளில் அரசுக்கு முன்னுரிமை வழங்குகிறது. ஒருவர் வாங்கினால், அறுபது நாள்களுக்குள் அதே விலையைக் கொடுத்து அரசு அதைத் தனதாக்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், வாங்குபவர் ஒருவர் வந்தால் அல்லவா அந்த உரிமை உயிர்பெறும்? வருவார் இல்லாத இடத்தில் சட்டம் வாயில் காப்பவனைப்போல் காத்துநிற்கிறது. உள்ளேயோ சுண்ணம் உதிர்கிறது. பழுதுகளைச் செப்பனிட மட்டுமே ஒரு கோடிக்கு மேல் யூரோ வேண்டும் எனக் கணக்கிட்டிருந்தனர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. 31 கோடி என்பது உண்மையில் எதன் விலை? சட்டத்தில் மாட்டிய ஓவியமாயின், வாங்கியவர் அதை எடுத்துச் செல்லலாம், வேறிடத்தில் விற்கலாம். விதான ஓவியமோ வீட்டோடு பிறந்தது. வீட்டோடுதான் வாழ முடியும். அதைப் பெயர்க்க முடியாது; காக்கும் கடமை மட்டும் உரிமையாளரைச் சேரும். பெயர்க்க முடியாத ஒன்றுக்குப் பெயர்க்கக்கூடியதன் விலையை வைத்தால், அந்த விலை வெறும் எண்ணாகவே நின்றுவிடும். வாங்குவார் வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் செலவிட வேண்டிய பணத்தை ஒரு கூரைக்குக் கொடுப்பதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு உரோமாபுரியின் வரலாறே விடை கூறுகிறது. இம்மாளிகையைச் சூழ்ந்து ஒரு காலத்தில் பரந்து கிடந்தது லுதோவீசிப் பூங்கா. 1880களில் அது மனைகளாகக் கூறுபோடப்பட்டது. மரங்கள் வீழ்ந்தன, கட்டடங்கள் எழுந்தன. விற்றவர்க்கும் வாங்கியவர்க்கும் கிடைத்த ஆதாயம் என்றோ செலவாகிவிட்டது, பூங்காவோ மீளவில்லை. ஆனால், அதே குடும்பத்தார் திரட்டிய பழஞ்சிற்பங்களின் பெரும்பகுதியை 1901இல் அரசு வாங்கியது. 1982இல் பலாத்சோ அல்தெம்ப்ஸ் என்னும் மற்றொரு பழைய மாளிகையையும் அரசு வாங்கிச் செப்பனிட்டு, 1997இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. அச்சிற்பங்கள் இன்று அங்கே பொதுமக்கள் பார்வைக்கு நிற்கின்றன. ஒரே குடும்பத்தின் செல்வம், விற்கப்பட்ட விதம் இரண்டு, விளைவும் இரண்டு.

ஆகவே, கேட்ட விலையை அரசு கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. உரிமையாளரின் நியாயமான பங்கையும் மறுக்கவில்லை. ஏலத்தில் ஒருவர் வரட்டும் என்று காத்திராமல், பெயர்க்க முடியாத பொருளுக்கு உரிய விலையைப் பேசி முடிப்பதே அறிவுடைமை. தனியார் வாங்கினாலும், ஆண்டில் சில நாள்களேனும் கதவு பொதுமக்களுக்குத் திறக்கட்டும்.

வழக்கு பல ஆண்டுகள் காத்திருக்கும், விலையும் காத்திருக்கும், மழைநீர் மட்டும் காத்திருக்காது. நானூறு ஆண்டுகளைக் கடந்த ஒரு கூரையின்கீழ் வாதிடுவோர், நிமிர்ந்து ஒருமுறை மேலே பார்த்தால் போதும்.