உத்திரமேரூரில் ஒரு பகல்

ஒரு பாடத்தை முப்பத்து மூன்று ஆண்டுகள் நடத்திய ஆசிரியன், அப்பாடத்தில் வரும் ஊரை ஒரு நாளும் கண்டதில்லை என்றால் நேயர்கள் வியக்கக்கூடும். குடவோலை முறை என்னும் தலைப்பின் கீழ் உத்திரமேரூரைப் பற்றி நான் பேசாத ஆண்டில்லை. கரும்பலகையில் ஒரு குடம் வரைவேன். அதற்குள் ஓலை நறுக்குகள் வரைவேன். உலகம் மக்களாட்சியைக் கனவிலும் கண்டிராத காலத்தில் நம்மவர் தேர்தல் நடத்தினர் என்று குரலை உயர்த்துவேன். கிரேக்கரை அந்த ஒரு மணி நேரத்திற்கு வசதியாக மறந்துவிடுவேன்.

அப்படிக் குரல் உயர்ந்திருந்த ஒரு நாளில், எட்டாம் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். வயற்கூலி வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளை. "ஐயா, அந்தக் குடத்தில் எங்கள் அப்பா பெயரைப் போட்டிருப்பார்களா?" என்று கேட்டாள். விடை எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், "தேர்வுக்கு வருவதைக் கேள்" என்று சொல்லி உட்காரவைத்தேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு மாணவனை அழைத்துச் செல் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் புகட்டப்பட்ட விதி. அச்சிறுமி தனக்குத் தெரிந்த இடத்திலிருந்துதான் தொடங்கினாள். நான்தான் உடன் செல்லவில்லை.

அவள் வளர்ந்து, 2011 இல் தம் ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஐந்தாண்டு அப்பொறுப்பை வகித்தார். சென்ற தை மாதத்தில் என் இல்லம் வந்தவர், "ஐயா, நாம் ஒருமுறை அந்தக் குடத்தைப் பார்த்துவிட்டு வருவோமே" என்றார். பழைய கேள்வி அவர் நினைவில் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. என் நினைவில் இருந்தது.

காஞ்சிபுரத்தில் பேருந்து ஏறிப் பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றோம். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். எட்டாம் நூற்றாண்டில் பல்லவர் ஆட்சியில், வேதம் கற்ற அந்தணர்க்கு அளிக்கப்பெற்ற சதுர்வேதிமங்கலம் இவ்வூர். முதலில் சுந்தரவரதப் பெருமாள் கோயிலுக்குச் சென்றோம். மூன்று நிலை விமானம். கீழே நின்ற கோலம், நடுவில் இருந்த கோலம், மேலே கிடந்த கோலம். படியேறி மூவரையும் வணங்கினோம். என் முழங்கால்கள் மூன்றாம் நிலையைச் சற்று முறையீட்டுடன் ஏற்றன. அக்கோயிலுக்கே ஒரு தனிப் பேச்சு வேண்டும். இன்று அதற்கு நேரமில்லை.

ஊரின் நடுவே இருக்கிறது வைகுந்தப் பெருமாள் கோயில். பெரிய கோபுரமில்லை, திருவிழாக் கூட்டமில்லை. கருங்கல்லில் எழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919 இலும் 921 இலும் சபையார் செய்த இரண்டு ஏற்பாடுகள் இவை. 1898 இல் படியெடுக்கப்பட்ட பிறகே அறிஞர் உலகம் இவற்றை அறிந்தது. அக்கல்லின் முன் நின்றபோது எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை மறைப்பானேன்? என்னால் அதைப் படிக்க இயலவில்லை. பழந்தமிழ் எழுத்தும் கிரந்தமும் கலந்த அவ்வரிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எழுத்துகளே பிடிபட்டன. கைப்பையிலிருந்த விளக்கத்தை எடுத்து உரக்கப் படித்தேன். அவர் என் பழைய மாணவியாகவே கைகட்டி நின்று கேட்டார்.

முப்பது குடும்புகளாக ஊர் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இக்கால வார்டு. ஒவ்வொன்றிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் இடுவர். பெரியவர்களும் சிறுவர்களும் கூடிய சபையில், முதியவர் ஒருவர் எல்லாரும் காணக் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். ஒன்றுமறியாச் சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்துவிடலாகாதே! சூது எந்த வழியில் நுழையும் என்று நன்கறிந்தவர்களே இதை எழுதியிருக்கிறார்கள். முதல் ஏற்பாடு போதாமல் இரண்டே ஆண்டில் மறு ஏற்பாடு வந்ததிலும் எனக்கு வியப்பில்லை.

பிறகு தகுதிகளுக்கு வந்தேன். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். இங்கே நிறுத்தி, புத்தகத்தை மூடினேன்.

"அம்மா, எட்டாம் வகுப்பில் நீ ஒரு கேள்வி கேட்டாய். உன் தந்தையார் பெயர் அந்தக் குடத்தில் இருந்திராது. உன் பெயரும் இருந்திராது. அன்றே அதைச் சொல்லியிருக்க வேண்டும்" என்றேன்.

"அன்றே தெரியும் ஐயா. நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டும் என்றிருந்தது" என்றார். சினமில்லாமல்தான் சொன்னார்.

கோயில் நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டோம். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் நடந்ததை அவரிடம் சொன்னேன். கிராமம் என்பது குறுகிய நோக்கின் இருப்பிடம் என்று டாக்டர் அம்பேத்கர் கண்டித்ததும், அதே மாதத்தில் டி. பிரகாசம் இந்த உத்திரமேரூர்க் கல்வெட்டையே காட்டிக் கிராம ஆட்சிக்காக வாதாடியதும் ஒரே மன்றத்தில் நிகழ்ந்தவை. பல ஆண்டுகள் நான் பிரகாசத்தை மட்டுமே வகுப்பில் சொல்லிவந்தேன். இருவரையும் ஒரே நாளில் சொல்லியிருந்தால் பாடம் நன்றாக இருந்திருக்கும். பிள்ளைகள் அதைத் தாங்கமாட்டார்கள் என்று எண்ணினேன். உண்மையில் தாங்காதவன் நான்.

"மீதியையும் படியுங்கள் ஐயா" என்றார். படித்தேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடத்தில் ஏறலாகாது. அவன் உறவினரும் ஏறலாகாது. அவ்வுறவினர் யார் யார் என்று பெரிய பட்டியலே இருக்கிறது. நான் எதிர்பாராதபடி, அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குடத்தைவிட இந்தப் பகுதிதான் அவரைப் பிடித்துக்கொண்டது. தாம் பொறுப்பேற்றபோது முந்தைய ஆண்டுகளின் கணக்கேடுகளைத் தேடி அலைந்ததையும், கிராம சபையில் செலவினத்தை வரிவரியாகப் படித்தபோது சிலர் எழுந்து போனதையும் கூறினார். கைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார்.

மாலைப் பேருந்திற்கு இன்னும் நேரமிருந்தது. நான் மெல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டே வந்தார்.

"மைத்துனரும் உண்டா ஐயா?"

"உண்டு."

அதை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.