ஆறாம் படிவம்: தானே படிக்கும் பழக்கம்



ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு முடிவு கைக்கு வந்த மறுநாளே நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். மெட்ரிகுலேஷன் கிடைக்குமா, டிப்ளோமா போகலாமா, தனியார் கல்லூரிக்குப் பணம் புரட்ட முடியுமா என்று ஒவ்வொன்றாக அலசுவோம். கடைசியில்தான் யாராவது, “ஒன்றும் அமையாவிட்டால் ஆறாம் படிவம் இருக்கவே இருக்கிறது” என்பார்கள். வேறு வழி இல்லாதவர்கள் போகும் இடம் என்ற எண்ணத்தோடு வகுப்பில் போய் உட்காரும் பிள்ளை, பாடம் தொடங்கும் முன்பே பாதி மனத்தை வெளியே விட்டுவிட்டுத்தான் உட்காருகிறது. அந்த எண்ணம் சரிதானா? ஆறாம் படிவம் ஒரு மாணவருக்கு உண்மையில் எதைக் கற்றுத் தருகிறது? அதை முழுமையாகப் பெற்றுக்கொள்ள என்ன செய்ய வேண்டும்? இந்த ஆண்டு பினாங்கில் ஆறாம் படிவத்துக்குள் நுழையும் தம்பி தங்கைகளையும் அவர்களின் பெற்றோரையும் மனத்தில் வைத்து இன்று இதைப் பேச வருகிறேன்.

முதலில் தேர்வைப் பற்றி. மலேசியத் தேர்வு மன்றம் 1980-இல் அமைந்தது. 1982 முதல், ஆறாம் படிவத்தினர் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வு நடந்து வருகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் இதை ஏ லெவலுக்கு இணையாக ஏற்றுக்கொள்கின்றன. அரசாங்கப் பள்ளியில், வீட்டிலிருந்தே போய் வந்து, பெரும் கட்டணம் எதுவும் இல்லாமல் இப்படியொரு சான்றிதழைப் பெறலாம். நிபோங் திபாலில் இருந்தும் பட்டர்வொர்த்தில் இருந்தும் பேருந்தில் வரும் பிள்ளையின் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை நாம் போதுமான அளவு சொல்வதே இல்லை.

ஆனால் இந்தத் தேர்வு நம் அண்ணன் அக்காமார் எழுதிய தேர்வு அல்ல. அன்று எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டு, கடைசியில் ஒரே மூச்சில் எழுதுவார்கள். 2012-ஆம் ஆண்டு நுழைந்தவர்களில் இருந்து முறை மாறிவிட்டது. ஒன்றரை ஆண்டுப் படிப்பு மூன்று தவணைகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு தவணையின் முடிவிலும் தேர்வு, ஒவ்வொன்றின் புள்ளியும் இறுதிக் கணக்கில் சேரும். அறிவியல் பாடங்களில் செய்முறையும், கணிதம் டி போன்ற பாடங்களில் இடுபணியும் அதே கணக்கில் ஏறும்.

இதன் பொருள் என்ன? முதல் வாரமே கணக்கில் உண்டு. எஸ்பிஎம் முடிந்த அலுப்பில் இரண்டு மாதம் மெதுவாகப் போவோம் என்று நினைத்தால், முதல் தவணைத் தேர்வு அதற்குள் வந்து நின்றுவிடும். கணிதம் டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தவணையில் தொடர்கள், அணிகள், கலப்பெண்கள், திசையன்கள். இரண்டாம் தவணை முழுக்க நுண்கணிதம். மூன்றாம் தவணையில் நிகழ்தகவும் புள்ளியியலும். முதல் தவணையில் கோட்டைவிட்ட பாடம் மூன்றாம் தவணையில் திரும்ப வராது. அந்தத் தாளை மறுபடி எழுத வாய்ப்பு உண்டு. ஆனால் புதுப் பாடத்தின் சுமை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பழைய பாடத்தையும் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கும். ஆகவே தம்பிகளே, தங்கைகளே, பாடத்திட்டத்தை முதல் வாரத்திலேயே கையில் வாங்குங்கள். மூன்று தவணைக்கும் என்னென்ன பகுதி என்று ஒரு தாளில் எழுதி, படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள்.

எஸ்பிஎம்-இல் ஒன்பது ஏ, பத்து ஏ வாங்கிய பிள்ளைகள்கூட இங்கே வந்ததும் முதல் சோதனையில் திணறுவதைப் பார்க்கிறோம். அறிவு குறைந்துவிட்டதா? இல்லை. கேள்வியின் தன்மை மாறிவிட்டது. ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன், நேயர்களும் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு குவளை தே ஓ. அதன் சூடு 90 பாகை. நம் ஊர் அறையின் வெப்பம் 30 பாகை. பத்து நிமிடத்தில் தேநீர் 60 பாகைக்கு இறங்கிவிட்டது. இன்னும் பத்து நிமிடம் கழித்து எவ்வளவு இருக்கும்?

பத்து நிமிடத்தில் 30 பாகை குறைந்தது, அடுத்த பத்திலும் 30 குறையும், ஆகவே விடை 30 என்று பலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது தவறு. தேநீர் ஆறும் வேகம், அறையைவிட அது எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தொடக்கத்தில் வேறுபாடு 60 பாகை. பத்து நிமிடத்தில் அது 30 ஆனது, அதாவது பாதியானது. அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடி பாதியாகி 15 ஆகும். அறையின் 30-உடன் அந்த 15-ஐக் கூட்டினால் 45 பாகை. இதைத்தான் இரண்டாம் தவணையில் வகைக்கெழுச் சமன்பாடு என்ற பெயரில் படிக்கப் போகிறீர்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர், கேள்வி தேநீரில் இருந்து மீன் தொட்டிக்கோ மருந்தின் அளவுக்கோ மாறியவுடன் தடுமாறுவார். எது மாறுகிறது, எதைப் பொறுத்து மாறுகிறது என்று கேட்டுப் பழகியவர் எந்தக் கேள்வியையும் பிடித்துவிடுவார். ஆறாம் படிவம் கேட்கும் படிப்பு இதுதான். பொருளியலுக்கும் வரலாற்றுக்கும் இது அப்படியே பொருந்தும்: காரணத்தைக் கேட்காமல் விடையை மட்டும் சேர்த்து வைத்தால் உதவாது.

அப்படியானால் எப்படிப் படிப்பது? நம் பிள்ளைகள் பெரும்பாலும் செய்வது, குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்து வண்ணப் பேனாவால் கோடு போடுவது. வாசிக்க வாசிக்கத் தெரிந்த மாதிரியே இருக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு பகுதியைத் திரும்ப வாசித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லையே. ஆகவே ஒவ்வொரு பாடம் முடிந்த அன்று இரவும் ஒரு வெற்றுத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடுங்கள். அன்று கற்றதை எழுதுங்கள். பிறகு திறந்து, விடுபட்டதை வேறு நிற மையில் நிரப்புங்கள். அந்த வேறு நிறம் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் அடுத்த நாள் வேலை.

இன்னொன்று, சேர்ந்து படிப்பது. இதற்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் ஓர் ஆதரவற்றோர் பள்ளியை நடத்தினார். உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுபோனார். ஒரு மாணவன் இன்னொருவனுக்குச் சொல்லித்தரும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்தார். சென்னை முறை என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துக்குப் போய்ப் பரவியது. பிறருக்கு விளக்கும்போதுதான் நமக்கு எங்கே புரியவில்லை என்பது தெரியும். மூன்று பேராகச் சேருங்கள். வாரம் ஒரு தலைப்பை ஒருவர் மற்ற இருவருக்கும் நின்று விளக்கட்டும். அரட்டைக்கு இடம் கொடாமல் ஒன்றரை மணி நேரம் போதும்.

அடுத்தது பாடத் தேர்வு. எந்தப் பட்டப்படிப்புக்குப் போக ஆசையோ, அது எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். நண்பன் எடுத்தான் என்று எடுக்க வேண்டாம். பெரும்பாலோர் நான்கு பாடம் எடுக்கிறார்கள். அதில், மலாயில் எழுதும் பெங்காஜியான் ஆம் என்ற பொதுப்பாடம் கட்டாயம். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க அதில் குறைந்தது சி தரம் வேண்டும். மற்றப் பாடங்களுக்கு இரவு பகலாக உழைத்துவிட்டு இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பது, கதவுவரை போய்ச் சாவியை மறப்பதற்குச் சமம். நாளுக்கு ஒரு மலாய் நாளிதழ்க் கட்டுரை, வாரத்துக்கு ஒரு மலாய்க் கட்டுரை எழுதும் பயிற்சி, இவை போதும், ஆனால் முதல் மாதத்தில் இருந்தே.

மூயட் ஆங்கிலத் தேர்வும் அப்படித்தான். 1999-இல் தொடங்கிய அந்தத் தேர்வு கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கையும் சோதிக்கிறது. இதில் பேசுதலுக்குத்தான் நம் பிள்ளைகள் அதிகம் அஞ்சுகிறார்கள். தவறாகவாவது பேசிப் பழகுங்கள். சேர்ந்து படிக்கும் அந்த மூவர் கூட்டத்தில் வாரம் ஒருமுறை ஆங்கிலத்திலேயே விவாதியுங்கள்.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்டிபிஎம்-இல் தமிழ் மொழி ஒரு பாடமாக இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் தோன்றிய இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் தமிழாசிரியர்களை உருவாக்குகிறது. இலக்கியத்தில் ஊறிய பிள்ளை, தமிழை எடுக்கத் தயங்க வேண்டியதில்லை. வாசிக்கும் ஆர்வமே இல்லாமல் எளிதாகப் புள்ளி வரும் என்று எடுப்பவருக்கு மட்டும் அது ஏமாற்றமாகத்தான் முடியும்.

பினாங்கில் படிக்க இடமா இல்லை? 1816-இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல், 1928 முதல் கிரீன் லேனில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே 2016-இல் பினாங்கு மின்னிலக்க நூலகம் திறக்கப்பட்டது. வீட்டில் அமைதி இல்லாத பிள்ளைக்கு இதுபோன்ற இடம் பெரிய துணை. அதே பள்ளியில் படித்த வூ லியன் தே 1896-இல் மகாராணி உபகாரச் சம்பளத்தை வென்று கேம்பிரிட்ஜ் போனார். பின்னாளில் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயைக் கட்டுப்படுத்தி, முகக்கவசத்தின் பயனை உலகுக்குக் காட்டிய மருத்துவர் அவர். ஜார்ஜ்டவுனில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தவருக்குத் தேர்வு ஒன்றே வழி திறந்தது. பண நெருக்கடி உள்ளவர்கள் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் உயர்கல்வி உதவியைப் பற்றி இப்போதே விசாரித்து வையுங்கள். முடிவு வந்த பிறகு அலைவதைவிட அது நல்லது.

புறப்பாடத்தையும் விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழக நுழைவுக் கணக்கில் 90 விழுக்காடு கல்வித் தகுதிக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. போட்டி கடுமையான துறைகளில் அந்தப் பத்துதான் ஒருவரை உள்ளேயும் ஒருவரை வெளியேயும் நிறுத்துகிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டுப் பிள்ளை மெட்ரிகுலேஷனில் ஓராண்டில் முடித்துவிட்டான் என்று தினமும் சொல்லிக் காட்டாதீர்கள். டியூஷனுக்கு மேல் டியூஷன் வைத்து, தானே உட்கார்ந்து படிக்கும் நேரத்தைப் பறித்துவிடாதீர்கள். இரவில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியின் ஒலியைக் குறையுங்கள். அது எந்த வகுப்புக் கட்டணத்தைவிடவும் பெரிய உதவி.

ஆறாம் படிவத்தில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒன்றரை ஆண்டுக்குள் பாடம் நெருக்கமாக இருக்கிறது. இடுபணியும் தேர்வும் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. ஆசிரியர் முழுவதையும் ஊட்டிவிட நேரம் கிடையாது. ஆனால் ஆசிரியரை நம்பியே உட்கார முடியாத அந்த நெருக்கடியில்தான் பிள்ளை தானே நூலைத் தேடி, தானே கேள்வி கேட்டு, தானே தன் தவற்றைத் திருத்தப் பழகுகிறது. பல்கலைக்கழகத்தில் முதலாண்டில் தடுமாறுபவர்கள் பலரிடம் இல்லாதது அந்தப் பழக்கம்தான். பத்தொன்பது வயதுக்குள் அதைக் கற்றுத்தரும் இடத்தை இரண்டாம் தரம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆகவே, ஆறாம் படிவத்துக்கு வரும் இளையோரே, இது உங்களுக்கு மிஞ்சிய வழி அல்ல, நீங்கள் தேர்ந்தெடுத்த வழி என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள். முதல் நாளிலேயே பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். முதல் வாரத்திலேயே உங்கள் மூவர் குழுவை அமைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் முடியும் முன் தேர்வு மன்றத்தின் பழைய கேள்வித்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். விடை பாதிதான் வந்தாலும் கவலை வேண்டாம், மீதிப் பாதியைக் கற்க இன்னும் காலம் உங்கள் கையில் இருக்கிறது.