பாணன் தூண்டிலும் மார்கழிக் கழியும்



கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகள் கொண்டது. காஞ்சிக்குச் செல்லும் வழியின் நிலங்களையெல்லாம் காட்டிச் செல்லும் அப்பாட்டு, ஒரு நீர்நிலையின் கரையில் சற்றே நின்றுவிடுகிறது. அங்கே பாண்மகன் ஒருவன் மீன்பிடிக்கிறான். தோளில் இரை வைத்த தோற்பை. கையில் நெடிய மூங்கிற்கோல். பிளந்த வாயுடைய வாளை இரையை மட்டும் கவ்விக்கொண்டு போய்விடுகிறது. கொக்கி வெறுமையாய்த் தனித்து நிற்கிறது. புலவர் அத்தோடு விடவில்லை. தப்பிய வாளை, கரையோரப் பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டும் அஞ்சுகிறதாம்!

இதைக் கற்பனை நயம் என்று பாராட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் தன் நிழலும் கோலின் நிழலும் நீரில் விழாதபடி நிற்பதே தூண்டிற்காரன் முதலில் கற்கும் பாடம். புலவர் மீனைப் பார்த்திருக்கிறார். மீன் பார்ப்பதையும் பார்த்திருக்கிறார்.

இன்று நெய்தலைப் பாடும் கவிதைகள் பலவற்றில் அலை உண்டு, நுரை உண்டு, வலை உண்டு; மீனுக்குப் பெயர் இல்லை. செங்கற்பட்டுக்குக் கிழக்கே, முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் கடந்து பாலாற்று முகம் வரை கழிகள் நிறைந்த கரை இது. இக்கழிகளின் அரசன் கொடுவா. மேற்சொன்ன பாட்டில் தூண்டில் முள்ளைக் குறிக்கும் சொல் ‘கொடுவாய்’ என வருவது கேட்க இனிமையாயிருக்கிறது. ஆயினும் ஒலியொப்புமை ஒன்றைக் கொண்டு உறவு கொண்டாடுதல் கூடாது.

கோடையில் மணல் திரண்டு முட்டுக்காட்டு முகத்துவாரத்தை அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் அதை உடைத்துத் திறக்கும். கொடுவாவின் வாழ்வே இந்தத் திறப்பில் இருக்கிறது. முட்டையிடுவது கடலையொட்டிய உவர்நீரில். குஞ்சுகள் வளர்வது கழியில். பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, பின்னர்ப் பெண்ணாக மாறும் மீன் அது. முகம் திறவாத ஆண்டில் உள்ளே இருப்பது உள்ளேயும் வெளியே இருப்பது வெளியேயும் நின்றுவிடும். முட்டுக்காட்டில் ஆய்வுக்களம் வைத்துள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் இம்மீனைக் குஞ்சுபொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்வித்தது. அது பெரும் சாதனையே. ஆனால் முகத்துவாரத்தின் வேலையைத் தொட்டி செய்துவிடாது.

வெள்ளம் வடிந்து நீர் தெளியும்போது மார்கழி வந்துவிடும். மீனின் உடற்சூடு நீரின் சூட்டைப் பொறுத்தது. நீர் குளிர்ந்தால் செரிமானம் தளரும். இரையைத் துரத்திச் செல்ல அதற்கு மனம் இராது. வட அமெரிக்க ஏரிகளில் பனிக்கட்டி உருகியவுடன் பெருவாய் பாஸ் என்னும் மீனைத் தேடுவோர் இதை நன்கறிவர். விடியலில் அவர்கள் அவசரப்படுவதில்லை. வெயில் முதலில் சூடேற்றும் ஆழமற்ற வடகரையை நண்பகலுக்குப் பின் நாடி, இரையை ஏறத்தாழ அசைக்காமலே விட்டுவைப்பர். நம் கொடுவாவே ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி எனப்படுகிறது. அங்கும் ஜூன், ஜூலைக் குளிரில் அது மந்தமாகிவிடுவதால் தூண்டிலை மெதுவாக இழுப்பதே வழக்கம்.

நம் கழியில் பனிக்கட்டி ஏது? நீர் சிறிதே குளிர்கிறது. விதி மட்டும் அதுவே. பாலத்தூண் ஓரத்திலும் நீரோட்டத்தின் விளிம்பிலும் பதுங்கி நிற்கும் கொடுவா, வாய்க்கு நேரே வரும் இறாலையோ மடவையையோதான் அப்போது விழுங்கும். ஆகவே பனி விலகி, வெயில் ஏறி, கடலேற்றம் முகத்துவாரத்தின் வழியே உள்ளே திரும்பும் வரை பொறுத்து, உயிர் இறாலை நீரோட்டத்தின் போக்கில் விட்டு, நிழலைத் தனக்குப் பின்னே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.