குழந்தையின் காய்ச்சலும் சிறுநீர்ச் சோதனையும்

(ஆதரவாளர் கூடுகையில் அளித்த உரை)

ஆய்வுக்கூடத்தின் வேலையைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் சிறுநீர். முகம் சுளிக்காமல் சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

நீர்க்கடுப்பு வந்தால் நம் வீடுகளில் உடம்புச் சூடு என்று சொல்லி இளநீரும் மோரும் கொடுப்பார்கள். ஆனால் பெரும்பாலும் காரணம் சூடல்ல. குடலில் வாழும் ஈ.கோலை என்னும் கிருமி சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடுவதுதான். எரிகிறது, அடிக்கடி வருகிறது என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு நோயைக் கண்டுபிடிப்பது எளிது. மூன்று மாதம் நிரம்பாத குழந்தை எப்படிச் சொல்லும்? அதற்குப் பல வேளைகளில் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். தொற்று சிறுநீரகம் வரை ஏறி, சிகிச்சையும் தாமதித்தால், அங்கே தழும்பு விழக்கூடும்.

கல்ச்சர் சோதனையில் கிருமி வளர்ந்து முடிவு தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று அறிய இன்னும் ஒரு நாள். அதற்குள் என்ன செய்வது? அங்கேதான் பயோமார்க்கர், அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் பொருள், உதவிக்கு வருகிறது.

நாம் வெகுகாலமாய்ப் பயன்படுத்தும் சோதனைப் பட்டையில் இதற்கென்று இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று நைட்ரைட்டைக் காட்டுவது. இதன் அடிப்படையான வேதிவினையைப் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர் 1879இல் வெளியிட்டார். கிருமி நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவதற்குச் சிறுநீர் பைக்குள் சுமார் 4 மணி நேரம் தங்க வேண்டும். பச்சிளங்குழந்தை அவ்வளவு நேரம் அடக்கி வைக்குமா? ஆகவே குழந்தைகளில் இந்தக் கட்டம் ஏறக்குறைய பாதித் தொற்றுகளைத் தவறவிடுகிறது. நிறம் மாறினால் பெரும்பாலும் நம்பலாம். மாறாததை வைத்துத் தொற்று இல்லை என்று தாயை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. மற்றக் கட்டம் வெள்ளணுக்களின் நொதியைக் காட்டுகிறது. கிருமியை அல்ல, உடல் அதோடு போராடுவதை.

அதே வழியில் புதிதாய் ஆராயப்படுவது என்.ஜி.ஏ.எல். என்னும் புரதம். வெள்ளணுக்களும் சிறுநீரகச் செல்களும் இதைச் சுரக்கின்றன. கிருமி பெருக இரும்பு வேண்டும். இந்தப் புரதம் அந்த இரும்பு கிருமிக்குக் கிட்டாமல் தடுத்துவிடுகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்! 2017இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, காய்ச்சலோடு வந்த மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் இதை அளந்தது. தொற்று உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் 95 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்தது. ஆனாலும் நாங்கள் அவசரப்பட விரும்பவில்லை. சிறுநீரகம் வேறு காரணத்தால் திடீரென்று பழுதுபட்டாலும் இந்தப் புரதம் உயரும். இதைக் கண்டதும் கல்ச்சரைக் கைவிடலாம் என்பவர்களோடு நாங்கள் உடன்படவில்லை.

முதியோர் விஷயம் நேர் எதிரானது. பலருக்கு எந்தத் தொல்லையும் இல்லாமலே சிறுநீரில் கிருமியும் வெள்ளணுவும் இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் கதீட்டர் போட்டிருப்பவர்களில் அநேகமாக எல்லாருக்கும் கிருமி உண்டு. பட்டை நிறம் மாறும், வியாதி இருக்காது. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் தவிர, மற்றவர்களுக்கு இப்படிப்பட்ட கிருமிக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதால் பொதுவாகப் பயனில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் பெருகும். தொல்லை இல்லாத பெரியவரின் சிறுநீரில் பட்டையை நனைக்காமலிருப்பதே நல்லது என்போம்.

கிருமியையே விரைவில் சோதிக்கும் கருவியும் வந்திருக்கிறது. சுவீடனின் உப்சாலாவில் உருவானது அது. 2024இல் 80 லட்சம் பவுண்டு லாங்கிடியூட் பரிசைப் பெற்றது. கிருமி உண்டா என்று 15 நிமிடத்திலும், எந்த மருந்து கேட்கும் என்று 45 நிமிடத்திலும் சொல்லிவிடுகிறது.

நம்மிடம் இருப்பது பட்டையும் மைக்ராஸ்கோப்பும் கல்ச்சர் தட்டும்தான். பையை ஒட்டிப் பிடித்த சிறுநீரில் தோலின் கிருமி கலந்துவிடும். ஆதலால் கைக்குழந்தைக்கு மெல்லிய குழாய் வழியாகவே எடுக்கிறோம். குழந்தை சோர்ந்திருந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குகிறோம். கல்ச்சரில் ஒன்றும் வளராமல், காய்ச்சலுக்கு வேறு காரணமும் தெரிந்துவிட்டால் நிறுத்திவிடுகிறோம். ஆரம்பித்த மருந்தை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று தாய்மார் கேட்பார்கள். அதை விளக்கத்தான் அதிக நேரம் பிடிக்கிறது.