கூடைப்பந்தாட்டமும் நம் பிள்ளைகளும்



நம் ஸ்ரீவராகத்துப் பிள்ளைகளிற் சிலர் கல்லூரிக் கூடைப்பந்தாட்டக் குழுவில் ஆடுகின்றனர். பரீட்சை நெருங்கினால் அவர்களை நிறுத்திவிடலாமா என்று நம்முள் வாதம் நடக்கிறது.

இவ்வாட்டம் பிறந்ததே ஒரு கல்விக்கூடத்தில்தான். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிரால் வெளியே ஆடவியலாத 18 மாணவர்க்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் வகுத்தது இது. விதிகள் 13, பழக்கூடைகள் இரண்டு. கூடைக்கு அடியிருந்தமையால், பந்து விழுந்தபோதெல்லாம் ஏறியெடுக்க வேண்டியிருந்ததாம்! சென்னையிலோ, உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கவே 1920-ல் ஹாரி குரோ பக் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியை நிறுவினார்.

களத்தில் ஒரு பக்கத்துக்கு ஐவரே. மாற்றாள் உண்டெனினும், பல மாதம் சேர்ந்து பழகிய இணக்கம் ஒரே நாளில் வாராது. தோற்றால் வெளியேற வேண்டிய பந்தயத்தில் நம் பிள்ளை பாதியில் விலகின், நட்டம் மற்ற நால்வர்க்குந்தான்.

ஆகவே, சேர்க்குமுன் யோசிப்போம். சேர்த்தபின் இறுதியாட்டம்வரை விட்டுவைப்போம். ஒரு மாலையாவது ஆட்டம் பார்க்க நாமும் செல்வோம்.