பருப்பு வேகாத ஊர்



வேலூர் வெயிலில் இந்தக் கறுப்புப் பட்டமளிப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்வதும் ஒரு பரீட்சைதான். அதிலும் தேறிவிட்டீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். என் விஷயம் துவரம்பருப்பு.

எங்கள் ஊர் பாலாற்றங்கரையில் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, 1980-களின் தொடக்கத்தில், எங்கள் வீட்டில் பருப்பு வேகாமல் போயிற்று. அம்மா முதலில் மளிகைக் கடைக்காரரைத்தான் ஏசினார். பழம்பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடையை மாற்றினார். புதுக் கடைப் பருப்பும் வேகவில்லை. விறகு ஈரம் என்றார். முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டார். ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தார். சாம்பாரில் பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்றுதான் நின்றது. அப்புறம் ஒரு நாள் பின்தெரு அத்தை வந்து, தன் வீட்டிலும் இதே கதை என்றார். துணிக்குச் சோப்புப் போட்டால் நுரைக்கவில்லை, திரிதிரியாகப் பிரிந்தது. கிணற்றடியில் தண்ணீர் சிந்திக் காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஊரிலிருந்து வந்த மாமா எங்கள் மரத்து இளநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னக்கா, எளநி கரிக்குது?" என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா பதில் சொல்லவில்லை.

"உன் பருப்பு இங்கே வேகாது" என்பதை நீங்கள் சினிமாவில் கேட்டிருப்பீர்கள். எங்கள் ஊரில் அது வசனமில்லை, சமையல் குறிப்பு.

வேதியியல் படித்த பிள்ளைகளுக்குக் காரணம் தெரியும்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமலிருக்க உப்பைத் தடவித்தான் எங்கள் பக்கத்து டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, கொண்டுவருவார்கள். அங்கே முதல் வேலை அந்த உப்பைக் கழுவி விடுவது. அடுத்து முடியை எடுக்கச் சுண்ணாம்புத் தொட்டி. அதற்கடுத்து குரோமியம். தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத்தான் பதனிட்டார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமியம் வந்த பிறகு நாள் சுருங்கியது, நஞ்சு பெருகியது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்தத் தண்ணீர் வாய்க்காலிலும் வயலிலும் ஆற்று மணலிலும் இறங்கி, கடைசியில் எங்கள் கிணற்றில் ஊறியது. தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் ஏறினால் பருப்பு இளகாது. அவ்வளவுதான்.

இதில் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது ஒன்று உண்டு. எந்த ஆய்வுக்கூடமும் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எந்தக் கிணற்றில் எப்போது ருசி மாறியது என்று கேட்டால், "பெரியவ வயசுக்கு வந்த வருஷம்" என்று துல்லியமாகச் சொல்வார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். எனக்கும் தோன்றவில்லை.

திண்டுக்கல் பக்கத்தில் யாருக்கோ அது தோன்றியிருக்கிறது. அங்கேயும் டேனரிகள் உண்டு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பினர் கிணறு கிணறாகப் போய்ப் பார்த்தார்கள். குடிக்கவும் பாசனத்துக்குமாக மொத்தம் 467 கிணறுகள். கெட்டுப்போனவை 350. எப்படிப் போயிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வரப்பு வரப்பாக நடந்து, நாய் துரத்தி, "லோன் விஷயமா வந்தீங்களா?" என்று கிணற்றுக்காரர் சந்தேகமாகக் கேட்க, பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு ஒவ்வொன்றாகக் குறித்திருப்பார்கள். இந்தக் காட்சி என் கற்பனை. 467, 350 என்ற எண்கள் கற்பனையல்ல. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் அவை அச்சாகியிருக்கின்றன. வரப்பில் நடந்தவர்களின் நோட்டுக் கணக்கு தில்லி வரைக்கும் போய்விட்டது. எங்கள் அம்மாவின் பருப்பு அடுக்களையைத் தாண்டவில்லை.

அந்தத் தீர்ப்பு வந்த வழக்குதான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த பொதுநல வழக்கு. நாட்டில் எந்தச் சட்டக் கல்லூரிக்குப் போனாலும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர் உங்கள் ஊர்ப் பெயரை மனப்பாடமாகச் சொல்வார். மாசு செய்தவரே அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்பதும், கேடு வருமுன் தடுப்பதே அரசின் வேலை என்பதும், தன் தொழிலால் கேடில்லை என்று நிரூபிக்கும் பாரம் தொழில் நடத்துபவர் தலையில்தான் என்பதும் இந்த நாட்டின் சட்டத்தில் சேர்ந்தவை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 2010-இல் வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் முதல் இரண்டும் தனிப் பிரிவாகவே இருக்கின்றன. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். டேனரிகள் நிறைந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதையும் தீர்ப்பு பதிந்திருக்கிறது. அதைக் கணக்கெடுத்தது வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். உங்களைப் போல் பட்டம் வாங்கியவர்கள் யாரோ மண்ணை எடுத்துப் பொட்டலம் கட்டியதால் கிடைத்த கணக்கு.

இங்கே ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். உங்களில் பலர் வீட்டு அடுப்பு எரிவதே ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ராணிப்பேட்டையிலோ இருக்கும் டேனரியும் ஷூ கம்பெனியும் கொடுக்கும் சம்பளத்தால்தான். அந்தச் சம்பளத்தில் படித்துத்தான் இந்த மேடைக்கு வந்தீர்கள். தோல் ஏற்றுமதியில் தமிழ்நாட்டின் பங்கு எவ்வளவு பெரிது என்பதை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறது. தோல் தொழிலை மூடு என்று கோஷம் போடுகிறவர்களோடு எனக்கு ஒட்டுவதில்லை; அவர்களில் பெரும்பாலோர் காலில் தோல் செருப்புத்தான். ஆனால் மாசைப் பற்றிப் பேசுவது தொழிலாளிக்கு எதிரானது என்று சொல்பவர்களிடமும் ஒரு தேதி சொல்வேன். 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இரவில் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்து பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவு முதலில் மூழ்கடித்தது தொழிலாளியைத்தான்.

இனி என் சொந்தக் கதை. கல்லூரி முடித்த புதிதில் எனக்கும் ரோஷம் வந்தது. ஊரில் நூற்றுச்சொச்சம் பேரிடம் கையெழுத்து வாங்கினேன். கைநாட்டு வைத்தவர்கள் பெயரை அடைப்புக்குறிக்குள் நானே எழுதினேன். மனுவில் இலக்கணம் தவறக்கூடாது என்று மூன்று தடவை திருத்தினேன். நாற்றம், கொடுமை, அழிவு என்று வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஒரு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய ஊழியர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், டீ கூட வாங்கித் தந்தார். "பாத்துக்கலாம் தம்பி" என்றார். எட்டு மாதம் கழித்துப் போனேன். நாற்காலியில் வேறொருவர். "மனு நம்பர் சொல்லுங்க." நம்பர் இல்லை. "ஒப்புகைச் சீட்டு?" வாங்கவில்லை. "தேதியாவது ஞாபகம் இருக்கா?" ஆடி மாசம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. என்னிடம் நகல்கூட இல்லை. நூற்றுச்சொச்சம் பேருடைய கையெழுத்து எந்த அலமாரியில் எந்தக் கட்டுக்குள் கிடக்கிறதோ, கடைக்குப் போய்ப் பொட்டலமே ஆகிவிட்டதோ. ஊருக்குத் திரும்பி அவர்கள் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனுவில் ஒரு கிணற்றின் சர்வே எண்கூட நான் எழுதவில்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

இப்போது உங்களுக்கு எங்களுக்கு இல்லாத வசதிகள் உண்டு. தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டி, பதிவுத் தபாலில் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏரி ஆக்கிரமிப்பின் மீது என்ன நடவடிக்கை?" என்று கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வரும். இன்ன சர்வே எண்ணுக்கு நிலக் கணக்கான அ-பதிவேட்டின் நகலும் அளவு வரைபடமான புலப்பட நகலும் கொடுங்கள் என்று கேட்டால் காகிதம் வந்தாக வேண்டும். ஆவேசமாகக் கேட்கிறவரைவிடக் குறிப்பாகக் கேட்கிறவரைப் பார்த்துத்தான் அலுவலகங்கள் பயப்படுகின்றன. கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் இருப்பவர்களுக்கு ஏரியா சபை. போனால் பெரும்பாலும் தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு, குடிதண்ணீர்க் குழாய் இவற்றைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். சலிப்பாக இருக்கும். அதையும் உட்கார்ந்து கேளுங்கள். தெருவிளக்கு எரியவைக்கத் துணை நின்றவன் சொன்னால்தான் ஏரிக்கும் நாலு பேர் வருவார்கள்.

மதுரை மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பற்றிச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏல முடிவு 2024 நவம்பரில் வெளியானது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், சட்டமன்றத்திலும் தீர்மானம் நிறைவேறியது, ஜனவரியில் விவசாயிகள் மதுரைக்குள் பேரணியாக வந்தார்கள், 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. அரசியல் கட்சிகள் துணைக்கு வந்தன, ஊர் கட்டுக்கோப்பாக நின்றது, இரண்டும் உண்மை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. 2022-இலேயே அந்த இடம் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 72 ஏரிகள், 200 சுனைகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் என்று எண்ணிக்கை அப்போதே அரசுப் பதிவில் ஏறிவிட்டது. சுரங்கம் வந்து கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே சுனைகளை யாரோ எண்ணி வைத்திருந்தார்கள்.

பாலாற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1996 தீர்ப்புக்குப் பிறகு அமைத்த ஆணையம் 2001-இல் 29,193 பேருக்கு ஏறக்குறைய 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு கிணறு தூர்வாரக் காணாது. அதுவும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு மறுபடியும் நீதிமன்றப் படியேறியது. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம், பாக்கி இருப்பவர்களுக்கு ஆறு வாரத்தில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு டேனரிகளிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்று அரசுக்கு உத்தரவிட்டது. ஆற்றைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுவும் அமைக்கச் சொன்னது. முதல் மனுவுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவில் 34 வருஷம். 1991-இல் உங்களில் யாரும் பிறக்கவில்லை. 2001-இல் இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் ஏறிய விவசாயிகளில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள்? யாரோ ஒருவர் மட்டும் அத்தனை காலமும் அந்தக் காகிதங்களைக் கரையான் அரிக்காமல் வைத்திருந்திருக்கிறார். எனக்கு மாலை போட ஒரு ஆளைக் காட்டச் சொன்னால் அவரைத்தான் காட்டுவேன்.

நீதிமன்றம் போகாமலும் ஆகிற வேலைகள் உண்டு. பாலாற்றுப் படுகையில் இருக்கும் நாகநதிக்குப் போய்ப் பாருங்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் ஓடைப் படுகையில் உறை இறக்கி, மழைத்தண்ணீரை நிலத்துக்குள் அனுப்பினார்கள். அவர்களிடம் கேட்டால் எந்த மழைக்கு எந்தக் கிணறு எத்தனை அடி ஏறியது என்று சொல்வார்கள். அதை எழுதிக்கொள்ள நோட்டோடு போங்கள்.

இன்று ராத்திரி பட்டத்தோடு வீட்டுக்குப் போவீர்கள். வடை பாயசத்தோடு சாம்பாரும் இருக்கும். பருப்பு எந்தத் தண்ணீரில் வெந்தது என்று அம்மாவைக் கேளுங்கள். கிணறா, குழாயா, கேனா? கேன் என்றால் எந்த வருஷத்திலிருந்து கேன்? சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் 2006-லிருந்து கேன்.