காலி பாக்கெட் சொல்லும் கணக்கு

(வீட்டிலிருந்தே தொழில் செய்யும் உறுப்பினர்களுக்காக நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இட்லிப் பொடி, ஊறுகாய், கேக் செய்து விற்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பிளவுஸ் தைப்பவர்கள், டியூஷன் எடுப்பவர்களும் இருக்கிறீர்கள். பலரும் கைச்சேமிப்பைப் போட்டுத்தான் தொடங்கியிருப்பீர்கள். சிலர் நகையை அடகு வைத்தும் தொடங்கியிருக்கலாம். அதனால் "நிறைய விளம்பரம் செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. விளம்பரத்துக்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் போனால் திரும்பி வராது.

உங்களிடம் நான் கேட்க விரும்புவது ஒரே கேள்வி. உங்களிடம் ஒருமுறை வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுபடியும் வந்தார்கள்?

அடுக்குமாடியில் தொழில் தொடங்கினால் முதல் மாதம் விற்பனை நன்றாகவே இருக்கும். எதிர்வீட்டு அக்கா வாங்குவார், மேல்மாடி மாமி வாங்குவார், வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கைதட்டுவார்கள். அதில் பாதி, நம் முகத்துக்காக வாங்குவது. அதை நம்பி மிக்ஸியை மாற்றி, 500 டப்பா மொத்தமாக ஆர்டர் செய்தால், மூன்றாவது மாதம் டப்பாக்கள் பரணில் இருக்கும். முகத்துக்காக வாங்கியவர் யார், பொருளுக்காக வாங்கியவர் யார் என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும். அந்த வழியை நம் கடலூர்க்காரர்களே காட்டியிருக்கிறார்கள்.

சின்னி கிருஷ்ணன் என்ற பெயரை உங்களில் மூத்தவர்கள் கேட்டிருப்பீர்கள். கடலூரைச் சேர்ந்தவர். டால்கம் பவுடர் தகர டப்பாவில் மட்டும் வந்த காலத்தில், அதை 100, 50, 20 கிராம் பொட்டலங்களாகப் போட்டு விற்றவர். டப்பா வாங்க வசதியில்லாதவரும் பவுடர் பூசட்டும் என்பது அவர் எண்ணம். அந்த வழியில் வந்ததுதான் அவர் குடும்பத்தாரின் வெல்வெட் ஷாம்பு பாக்கெட். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன், குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியாகத் தொடங்கியது சிக் ஷாம்பு. அந்த நிறுவனம்தான் பின்னாளில் கெவின்கேர் ஆனது.

அன்று கிராமங்களில் தலைக்குச் சீயக்காயோ சோப்போதான். ஷாம்பு என்றால் பணக்காரர் சமாச்சாரம், முடி கொட்டிவிடும் என்ற பயம் வேறு. அந்த மக்களிடம் ரங்கநாதன் எப்படிப் போனார்? ஊருக்குள் போய், ஒரு பையனை உட்கார வைத்து, எல்லோர் கண்முன்னும் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டினார்கள். முடியைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்றார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, பார்க்க வந்தவர்களுக்கு இலவசப் பாக்கெட் கொடுத்தார்கள்.

இதைவிட முக்கியமானது அடுத்து வந்த திட்டம். எந்த கம்பெனியின் ஷாம்பாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். கொஞ்ச காலம் கழித்து விதியை மாற்றினார்கள்: இனி சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சம் வரை உயர்ந்ததாக ரங்கநாதன் பேட்டியில் சொல்லியிருக்கிறார். பிறகு மல்லிகை, ரோஜா வாசனை வந்தது. 1999-ல் 50 காசு பாக்கெட் வந்தது.

அந்தக் காலி பாக்கெட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இலவசமாக அள்ளிக் கொடுத்தால், வாங்கிப் போனவர் பயன்படுத்தினாரா, மூலையில் போட்டாரா என்று நமக்குத் தெரியாது. காலி பாக்கெட்டோடு வருபவர் ஷாம்பு போட்டுப் பழகியவர். சிக் காலி பாக்கெட்டோடு வருபவர் நம் பொருளையே தீர்த்துவிட்டு வருகிறவர். ஒரே திட்டத்தில் பரிசும் கொடுத்தாயிற்று, உண்மையான வாடிக்கையாளர் யார் என்றும் தெரிந்துவிட்டது.

இதை நம் அளவுக்கு எப்படிச் செய்வது?

முதலில், பொருளைத் தொட்டு, ருசித்துப் பார்க்க வழி செய்யுங்கள். பொடி விற்றால் 50 கிராம் பாக்கெட் போடுங்கள். டியூஷன் என்றால் ஒரு வாரம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். தையல் என்றால் முதலில் ஒரே ஒரு பிளவுஸ். பிடிக்காவிட்டால் பெரிய நஷ்டமில்லை என்று தோன்றினால்தான் புதியவர் கை நீட்டுவார்.

இரண்டாவது, சின்ன பாக்கெட்டின் கணக்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள். உதாரணத்துக்கு, 50 கிராம் பொடிக்குச் சாமான் 16 ரூபாய், கவரும் ஸ்டிக்கரும் 4, கேஸும் கரண்ட்டும் 2, ஆக 22 ரூபாய். கடைக்காரருக்கு 20 சதவீதம் கமிஷன். 25 ரூபாய்க்கு விற்றால் கமிஷன் 5 போக, பாக்கெட்டுக்கு 2 ரூபாய் நஷ்டம். 30 ரூபாய்க்கு விற்றால் கமிஷன் 6 போக, 2 ரூபாய் நிற்கும். உங்கள் உழைப்புக்கு அது கூலியே ஆகாது. சிக் லட்சக்கணக்கில் விற்றதால் சின்ன பாக்கெட்டே தொழிலானது. நமக்குச் சின்ன பாக்கெட் அறிமுகத்துக்கு. வருமானம் கால் கிலோவில்தான்.

மூன்றாவது, திரும்பி வருபவருக்குத்தான் சலுகை. முதல்முறை வருபவருக்குத் தள்ளுபடி கொடுத்தால், தள்ளுபடிக்காகவே வருவார். "காலி ஜாடியைக் கொண்டுவாருங்கள், அடுத்த ஊறுகாயில் 10 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். வரும் ஜாடிகளை எண்ணினால் அதுதான் உங்கள் உண்மையான விற்பனைக் கணக்கு. இன்னொரு நன்மையும் உண்டு. அன்று தொழிலை வளர்த்த பாக்கெட்டுகள் இன்று சாக்கடையை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. ஜாடி திரும்பி வந்தால் நம் குப்பைத் தொட்டியும் நிறையாது.

நான்காவது, கூட்டத்தைக் கண்டு மயங்காதீர்கள். வைகாசியில் பாடலீஸ்வரர் கோயில் தேருக்கோ, சில்வர் பீச்சிலோ கடை போட்டால் அன்றைக்கு விற்கும். வாங்கியவர் பொடி தீர்ந்தபிறகு உங்களைத் தேடினால் கிடைப்பீர்களா? பாக்கெட்டில் போன் நம்பர் தெளிவாக இருக்கட்டும். லாரன்ஸ் ரோட்டுக் கடையில் வைப்பதானால் முதலில் பத்து பாக்கெட் போதும். ஒரு வாரம் கழித்துப் போய், எத்தனை மிச்சம், யாராவது மறுபடி கேட்டார்களா என்று கடைக்காரரிடம் விசாரியுங்கள்.

உணவுப் பொருள் செய்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும், தயாரித்த தேதியும் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு அரசு கட்டணம் எதுவும் கிடையாது. அதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

முடிவாக ஒரு வேலை தருகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வாங்கியவர் பெயர், தேதி, என்ன வாங்கினார், மறுபடி எப்போது வந்தார் என்று நான்கு கட்டம் போடுங்கள். மூன்று மாதம் எழுதுங்கள். நான்காவது கட்டம் நிறைந்துகொண்டே வந்தால் தைரியமாகப் பணம் போடுங்கள். காலியாகவே இருந்தால், விளம்பரத்துக்குச் செலவழிக்குமுன் பொருளைச் சரிசெய்யுங்கள். வராதவரிடம் போய், "உப்பு தூக்கலா, காரம் அதிகமா?" என்று கேளுங்கள்.

நாம் அக்கம்பக்கத்தார் என்ன செய்யலாம்? அடுத்தமுறை வாங்கும்போது "சூப்பர்" என்று மட்டும் சொல்லாமல், உண்மையைச் சொல்லுவோம். நகையை அடகு வைத்துத் தொழில் செய்கிறவருக்கு நாம் செய்யும் பெரிய உதவி அதுவாகத்தான் இருக்கும்.